'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்: காரிலும் வீட்டிலும் சொலினாய்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இரண்டு மூன்று தடவை முயன்றால் ஸ்டார்ட் ஆகிறது. சொலினாய்டு போய்விட்டது, செல்ஃப் மோட்டாரையே முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதே சமயம் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் எடுக்காமல் முனகுகிறது. அதைப் பார்த்தவரும் சொலினாய்டு என்கிறார். இரண்டும் ஒரே சாமானா? ரிப்பேர் செய்ய முடியுமா? பழசு வாங்கிப் போடலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார் விஷயத்தில் முழு மோட்டாரை மாற்றும் தேவை அநேகமாக வராது. மெஷினில், காயிலைச் சந்தேகப்படும் முன் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். சொலினாய்டில் காயில் தானாகச் சாவது அபூர்வம். கரண்ட் சரியாக வந்து சேராமலோ, அழுக்கும் துருவும் அடைத்து அசைய முடியாமலோ, அது போடும் காண்டாக்ட் (கரண்டை இணைக்கும் தொடுமுனை) தீய்ந்தோ தான் பெரும்பாலும் நின்றுபோகிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் புதுசும் அதே வழியில் போகும்.

சொலினாய்டுக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு காயில், அதன் நடுவில் வழுக்கி ஓடும் பிளஞ்சர் என்ற இரும்புத் துண்டு, அதைத் திரும்பத் தள்ள ஒரு ஸ்பிரிங். கரண்ட் ஓடினால் காயில் காந்தமாகி இரும்பை உள்ளே இழுக்கும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதை வெளியே அனுப்பும். 1825-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் சுமார் 200 கிராம் எடையுள்ள லாட வடிவ இரும்பில் கம்பியைச் சுற்றி, அதைப்போல் இருபது மடங்கு எடையைத் தூக்கிக் காட்டினார். இன்றைக்கும் உள்ளே நடப்பது அதேதான். அந்தப் பிளஞ்சரை எதில் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. மெஷினில் அது தண்ணீர்ப் பாதையின் சின்ன ஓட்டையைத் திறக்கிறது. டிங்-டாங் காலிங் பெல்லில் ஓடிப்போய் ஒரு இரும்புப் பட்டையில் மோதி 'டிங்', பட்டனை விட்டதும் திரும்பி வந்து இன்னொன்றில் மோதி 'டாங்'. காரில் அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் முதுகில் சின்ன உருளையாக உட்கார்ந்திருப்பதுதான் சொலினாய்டு சுவிட்ச். சாவியைத் திருப்பியதும் பிளஞ்சர் உள்ளே போகிறது. ஒரு முனையில் அது ஃபோர்க் என்ற நெம்புகோலை இழுத்து, பெண்டிக்ஸ் பல்சக்கரத்தை முன்னே தள்ளி இன்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீல் பல்லோடு கோர்க்கும். மறுமுனையில், ஓட்டத்தின் கடைசியில், ஒரு செம்புத் தட்டைக் கொண்டுபோய் இரண்டு தடித்த போல்ட் தலைகள் மேல் அழுத்தும். பேட்டரியிலிருந்து வரும் பெரிய கரண்ட் அந்தத் தட்டு வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. சின்ன காருக்கே 100 முதல் 200 ஆம்பியர் வரை ஆகும். சாவி சுவிட்ச் இவ்வளவைத் தாங்காது என்பதால்தான் நடுவில் இந்த ஏற்பாடு.

இப்போது உங்கள் 'டக்'கை யோசித்துப் பாருங்கள். அது பிளஞ்சர் உள்ளே போய் மோதும் சத்தம். அப்படியென்றால் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, காயில் இழுக்கிறது, முதல் வேலை நடந்துவிட்டது. இரண்டாவது வேலையில்தான் கோளாறு: செம்புத் தட்டு தொட்டும் கரண்டைக் கடத்தவில்லை, அல்லது கடத்தியும் மோட்டாரைச் சுற்ற அது போதவில்லை, அல்லது மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்து கிடக்கிறது. இந்த மூன்றில் எதற்கும் முழு மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

சத்தத்தை வைத்தே பாதி வேலையை முடிக்கலாம். சத்தமே இல்லையென்றால் காயிலின் சின்ன டெர்மினலுக்குக் கரண்ட் வரவில்லை என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ், ஸ்டார்ட்டர் ரிலே, சாவி சுவிட்ச், சில கார்களில் கிளட்ச் சுவிட்ச், இந்த வரிசையில் தேட வேண்டும். அங்கே 12 வோல்ட் வந்தும் அசையவில்லை என்றால்தான் காயில் மீது கை வைக்கலாம். 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் லூஸ். இதற்குக் காரணம் சொலினாய்டின் உள்ளமைப்பு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காயில் உண்டு. தடித்த கம்பியில் சுற்றியது இழுக்கும் காயில், மெல்லிய கம்பியில் சுற்றியது பிடித்துவைக்கும் காயில். முதலில் இரண்டும் சேர்ந்து பிளஞ்சரை இழுக்கும். செம்புத் தட்டு தொட்டதும் இழுக்கும் காயிலின் இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அதில் கரண்ட் நின்றுவிடும். அதன்பின் மெல்லிய காயில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி சோர்ந்திருந்தால் மோட்டார் கரண்டை உறிஞ்சும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து, மெல்லிய காயிலால் பிடிக்க முடியாமல் போகும். தட்டு விலகும், வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடப்பதுதான் அந்த 'டகடக'. நல்ல பேட்டரியிலும் இப்படி அடித்தால் பிடிக்கும் காயில் அறுந்திருக்கலாம்.

மீட்டர் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், நீங்கள் முன்னால் நின்று பாருங்கள். 'டக்' கேட்கும்போது வெளிச்சம் ஒரேயடியாகச் செத்துப்போனால் கரண்ட் பெரிய அளவில் இழுக்கப்படுகிறது, ஆனால் கொடுக்க ஆளில்லை. பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே இருந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. காண்டாக்ட் தீய்ந்திருக்கும், அல்லது பிரஷ் தொடவில்லை. அந்த நிலையில் மோட்டார் உடம்பில் ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஸ்டார்ட் ஆனால் பிரஷ்மேல் சந்தேகம் கூடும். தட்டுவது கண்டுபிடிக்க மட்டும்தான். அதையே வழக்கமாக வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்கிறேன், வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகும். வண்டி நிற்கும்போது பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம் மீட்டர் ஒயரின் ஒரு முனையை சொலினாய்டின் பேட்டரிப் பக்க போல்ட்டிலும், இன்னொன்றை மோட்டார்ப் பக்க போல்ட்டிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். செம்புத் தட்டு நன்றாகத் தொட்டால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அங்கேயே 2, 3 வோல்ட் நின்றால் காண்டாக்ட் போய்விட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். இதே சோதனையை பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே செய்யுங்கள். அங்கே 0.2-க்கு மேல் வந்தால் எர்த் ஒயரில் கோளாறு.

எர்த் ஒயரை வடசென்னைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டி வண்டி நிறுத்தும் எல்லோருக்கும் உப்புக் காற்று இலவசம். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் பொடி கண்ணில் படும், துடைப்பீர்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் ஒயரின் போல்ட் அடியில் பிடிக்கும் துரு கண்ணில் படாது. அந்த இணைப்பில் 0.02 ஓம் தடை சேர்ந்தால் போதும். லைட் எரியும், ஹாரன் அடிக்கும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அந்த 0.02 ஓம் 3 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் மோட்டார் எப்படிச் சுற்றும்? ஆகவே ஒரு பைசா செலவழிக்கும் முன், பேட்டரியின் இரண்டு டெர்மினல், எர்த் ஒயரின் இரண்டு முனை, சொலினாய்டுக்கு வரும் தடித்த ஒயரின் நட்டு, இந்த ஐந்தையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி இறுக்கிவிடுங்கள். பேட்டரி முனைப் பொடிக்கு, சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். காலையில் மட்டும் தகராறு, இரண்டு மூன்று முயற்சியில் சரியாகிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதில்தான் என் முதல் சந்தேகம். தீய்ந்த காண்டாக்ட் இரண்டாவது.

கழற்றும்போது ஒரு விஷயம். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் பெரும்பாலான கார்களில் ஃபியூஸ் கிடையாது. சாவியை எடுத்த பிறகும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் அந்த நட்டிலும் இன்ஜின் உடம்பிலும் ஒருசேரப் பட்டால் ஸ்பேனரே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவைத்த பிறகுதான் சொலினாய்டு பக்கம் போக வேண்டும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

இதெல்லாம் சரியாக இருந்தும் 'டக்' தொடர்ந்தால் சொலினாய்டைக் கழற்றித் திறக்கலாம். பின்பக்கம் கறுப்பு பேக்லைட் மூடியை இரண்டு மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும் வகையாக இருந்தால் திறக்க முடியும். விளிம்பை மடித்து அடைத்த வகையைத் திறக்கப் பார்க்காதீர்கள், அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்க்ரூ வகையிலும் மூடியை அப்படியே இழுக்க முடியாது. காயிலின் ஒயர் முனைகள் மூடி வழியாக வெளியே வந்து டெர்மினல்களில் ஈயப்பற்று வைக்கப்பட்டிருக்கும். 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னால் ஈயத்தை உருக்கி, ஒயரை நேராக்கி, அப்புறம் மூடியை மெதுவாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய பேக்லைட் பிஸ்கட் மாதிரி உடையும்.

உள்ளே முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டு போல்ட் தலைகள். நல்ல நிலையில் தட்டையாக, செம்பு நிறத்தில் இருக்கும். உங்களுடையதில் ஒரு தலையாவது பாதிப் பிறையாகத் தேய்ந்து, விளிம்பில் கறுத்து, நடுவில் குழி விழுந்து இருக்கலாம். தட்டிலும் அதற்கு நேராக ஒரு வட்டத்தழும்பு இருக்கும். ஒவ்வொரு முறை செல்ஃப் அடித்துவிடும்போதும் அங்கே ஒரு பொறி பறக்கிறது, ஒவ்வொரு பொறியும் துளி செம்பை எடுத்துக்கொண்டு போகிறது. வருடக்கணக்கில் அப்படிப் போய், தட்டு ஓடிவந்து நிற்கும் இடத்துக்குப் போல்ட் தலை எட்டாத அளவு தேய்ந்துவிடும். அப்போது பிளஞ்சர் முழுசாக உள்ளே போய் 'டக்' என்று சத்தம் போடும், தட்டோ ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். லேசான தேய்மானம் என்றால் தட்டைத் திருப்பிப் போட்டு, போல்ட்டை அரைச் சுற்றுச் சுற்றித் தேயாத பக்கத்தை முன்னால் கொண்டுவந்து, உப்புத்தாளில் சமப்படுத்தினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆழமான குழி என்றால் காண்டாக்ட் செட் மட்டும் வாங்கி மாற்றலாம். சில மாடலுக்குத்தான் தனியாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சொலினாய்டை மட்டும் மாற்றுங்கள். முழு செல்ஃப் மோட்டார் விலையில் அது சின்னப் பங்குதான் வரும்.

பிளஞ்சரைத் துடைக்கும்போது உலர்ந்த துணி போதும். வழுக்கட்டுமே என்று கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. கிளட்ச்சிலிருந்து பறக்கும் தூள் அந்த கிரீஸோடு சேர்ந்து களிம்பாகி, குளிர்ந்த காலையில் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும் முன் மேசையில் வைத்துச் சோதியுங்கள். பேட்டரி பாசிட்டிவை சின்ன டெர்மினலிலும், நெகட்டிவை மோட்டார்ப் பக்க போல்ட்டிலும் தொட்டால் பிளஞ்சர் சட்டென்று உள்ளே போக வேண்டும். இது இழுக்கும் காயில். அப்புறம் நெகட்டிவை சொலினாய்டின் இரும்பு உடம்புக்கு மாற்றி, பிளஞ்சரைக் கையால் உள்ளே தள்ளிவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும். இது பிடிக்கும் காயில். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு நொடிக்குள் முடித்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்து இந்தக் காயிலை மதிப்பிட வேண்டாம். இழுக்கும் காயிலின் தடை அரை ஓமுக்கும் குறைவாக இருக்கும், மீட்டர் ஒயரின் தடையே ஏறக்குறைய அவ்வளவு வரும்.

காயில் உண்மையாகவே எரிவது எப்போது என்றால், காண்டாக்ட் தொடாத வண்டியில் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது. தட்டு தொட்டால்தானே இழுக்கும் காயிலில் கரண்ட் நிற்கும் என்று மேலே சொன்னேன்? தொடாவிட்டால் அது நிற்காது. ஒரு நொடி வேலைக்காகச் சுற்றிய காயிலில் முப்பது நாற்பது ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், எனாமல் வெந்துவிடும். ஐந்து நொடியில் சுற்றவில்லையா, சாவியை விட்டுவிடுங்கள்.

தெருவில் நின்றுவிட்டால் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு போல்ட்டையும் ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் செய்வதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பெரிய போல்ட் இரண்டையும் ஷார்ட் பண்ணினால் பெண்டிக்ஸ் முன்னே போகாது, மோட்டார் வெறுமனே சுற்றும். சின்ன டெர்மினலுக்குக் கரண்ட் கொடுத்தால் இன்ஜின் சுற்றும், கியரில் இருந்தால் வண்டி ஆள்மேல் பாயும். எல்பிஜி, சிஎன்ஜி ஓடும் ஆட்டோவிலும் காரிலும் கேஸ் எங்காவது லேசாகக் கசிந்துகொண்டிருந்தால் அந்த ஒரு பொறி போதும்.

கேஸ் வண்டிகளில் இன்னொரு சொலினாய்டு உண்டு. டேங்கிலிருந்து வரும் கேஸை இன்ஜின் நின்றதும் அடைக்கும் வால்வு. பெட்ரோலில் ஓடுகிறது, கேஸுக்கு மாற்றினால் அணைந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் அதன் ஃபில்டரில் பிசின் போன்ற கசடு அடைத்திருக்கும். இதை அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் சென்டரில் மட்டும் கொடுங்கள். அந்த வால்வின் வேலை ஓட்டுவதைவிட அடைப்பதுதான். சரியாக அடைக்காத வால்வு வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் தெரியும். ஸ்கூட்டர், பைக்கில் பேட்டரி பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்டார்ட்டர் ரிலேயைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. விலை குறைவு, மாற்றிவிடலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி பக்கமெல்லாம் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர் முகத்துவாரப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. செல்ஃப் மோட்டார் இன்ஜினில் தாழ்வான இடத்தில் இருப்பதால் வெள்ளம் அதை முதலில் தொடும். தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று விட்டுவிட்டால், உள்ளே தங்கிய சேறு காய்ந்து, சில வாரத்தில் பிளஞ்சரும் பெண்டிக்ஸும் துருப்பிடித்து நிற்கும். சில நேரம் உள்ளே போன பிளஞ்சர் திரும்பாமல், வண்டி ஓடும்போதும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி ஆனால் சாவியை எடுத்தும் நிற்காது. இன்ஜினை அணைத்து, பேட்டரி டெர்மினலை உடனே கழற்ற வேண்டும். இன்ஜின் மட்டத்துக்கு நீர் ஏறிய வண்டியில் செல்ஃப் மோட்டாரை இறக்கி, பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டச் சொல்லுங்கள். வைண்டிங் கடையில் அரைநாள் வேலை.

முழு மோட்டாரை மாற்றும் நிலை எது? ஆர்மேச்சர் என்ற சுழலும் பாகம் எரிந்திருந்தால், அல்லது அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் சுவரில் உரசி உருக்குலைந்திருந்தால். பிரஷ், புஷ், பெண்டிக்ஸ் தனித்தனியாக மாறக்கூடியவை. சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் செல்ஃப் மோட்டார் தயாரிக்கும் ஊர் இது, உதிரி பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம். "காண்டாக்ட்டில் எத்தனை வோல்ட் நிற்குது, பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். பார்த்துச் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

இனி வாஷிங் மெஷின். முனகல் கேட்கிறது என்பது நல்ல செய்தி. காயிலுக்கு 230 வோல்ட் வருகிறது, காயில் அறுந்துபோகவில்லை. தண்ணீர்தான் வரவில்லை.

இந்த வால்வில் பிளஞ்சர் நேரடியாகத் தண்ணீரைத் திறப்பதில்லை, அவ்வளவு பலம் அதற்குக் கிடையாது. உள்ளே டயாபிரம் என்ற வட்டமான ரப்பர் தட்டு பாதையை அடைத்துக்கொண்டிருக்கும். அதன் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவு ஓட்டை, நடுவில் இன்னொன்று. ஓர ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி, டயாபிரத்தை மேலிருந்து அழுத்திவைக்கும். நடு ஓட்டையை பிளஞ்சரின் ரப்பர் முனை மூடியிருக்கும். கரண்ட் வந்ததும் பிளஞ்சர் எழும்ப, மேலே நின்ற தண்ணீர் நடு ஓட்டையில் இறங்கி ஓட, அழுத்தம் குறைந்து, குழாயின் அழுத்தமே டயாபிரத்தைத் தூக்கிவிடும். ஆக, திறப்பதும் மூடுவதும் தண்ணீரின் அழுத்தம். காயில் சைகை மட்டும்தான் காட்டுகிறது.

நம் வீடுகளில் இது ஏன் தகராறு செய்கிறது என்பது இப்போது புரியும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் அழுத்தம் கேட்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் 1 பார் என்று வைத்தால், மெஷினுக்கு மேல் 3 மீட்டராவது தொட்டி உயரமாக இருக்க வேண்டும். பாத்ரூம் கூரைமேலேயே சின்டெக்ஸ் உட்கார்ந்திருக்கும் மேல்மாடி வீட்டில் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. தொட்டி நிறைந்திருக்கும்போது வேலை செய்து, பாதியானதும் முனகும் மெஷினுக்கு வால்வு மாற்றிப் பயனில்லை. தொட்டிக்கு ஸ்டாண்டு போட்டு உயர்த்துங்கள், அல்லது சின்ன பிரஷர் பம்பு வையுங்கள். இரண்டாவது காரணம் மணலும் துருவும். லாரித் தண்ணீர் தொட்டியில் விழுந்த அன்று அடியில் கிடந்த வண்டல் கலங்கி, ஹோஸ் மாட்டும் இடத்தில் உள்ள சல்லடையில் வந்து அடையும். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே விரல்நக அளவு பிளாஸ்டிக் சல்லடை தெரியும். மூக்குப் பிளையரால் மெதுவாக இழுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவிப் போடுங்கள். கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரில் வெள்ளை உப்பு படிந்திருந்தால் வினிகரில் அரைமணி நேரம் ஊறவைக்கலாம். உங்கள் மெஷினுக்கு அநேகமாக இதுதான் மருந்து.

எதிர்மாறான கோளாறும் வரும்: தண்ணீர் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் இறங்கினால் வால்வில் மணல் சிக்கியிருக்கிறது, அல்லது ஓர ஓட்டை அடைத்துவிட்டது. பிடுங்கியதும் நின்றால் வால்வு நல்லது, பிரஷர் சென்சாரோ போர்டோ தப்பான ஆணை கொடுக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வால்வையும் போர்டையும் சேர்த்து மாற்றும் பில்லுக்குச் சம்மதிக்காதீர்கள். காயிலைச் சோதிக்க, ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 230 வோல்ட் இன்லெட் வால்வில் பொதுவாக 3,500 முதல் 5,000 ஓம் வரை காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் மூடி வார்த்த காயில் என்பதால் ரீவைண்டிங்குக்கு வழியில்லை, வால்வோடு மாற்ற வேண்டும்.

வீட்டுச் சொலினாய்டுகளில் ஏசி கரண்டில் (வீட்டு லைனில் வருவது) ஓடுவதற்கும் டிசியில் (பேட்டரி தருவது போன்றது) ஓடுவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டிசி காயிலில் ஓடும் கரண்டை கம்பியின் தடை மட்டுமே தீர்மானிக்கும். பிளஞ்சர் பாதியில் சிக்கினாலும் கரண்ட் மாறாது. ஏசி காயிலில் பிளஞ்சர் முழுசாக உள்ளே போனால்தான் காந்த எதிர்ப்பு ஏறி கரண்ட் அடங்கும். பாதியில் நின்றால் கரண்ட் அதிகமாகவே ஓடிக்கொண்டிருக்கும், காயில் கருகும். மெஷினின் சின்ன வால்வில் இந்த வித்தியாசம் குறைவு. போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், காந்தத்தால் இழுத்து மோட்டாருக்குக் கரண்ட் போடும் கான்டாக்டர் என்ற சுவிட்சில் பல மடங்கு. கோடை இரவில் தெருவே ஏர்கண்டிஷனர் போட்டு வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் கான்டாக்டர் பாதி இழுத்து நின்று 'டர்ர்ர்' என்று அதிருமே, அது காயில் வேகும் சத்தம். மோட்டாரை உடனே அணைத்துவிடுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் அதிர்ந்தால் இரும்பு முகங்களுக்கு நடுவே தூசியோ பல்லியோ சிக்கியிருக்கும், அல்லது முகத்தில் பதித்த செம்பு வளையம் விரிசல் விட்டிருக்கும். மெயினை இறக்கி, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே திறக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடமும் "காயில் மாத்துங்க" என்று மட்டும் சொல்லாமல், ஏன் எரிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்ஓ தண்ணீர் மெஷினில் இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட் டிசி வால்வு. தொட்டி நிறைந்து பம்பு நின்ற பிறகும் வேஸ்ட் டியூபில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் அந்த வால்வு சரியாக மூடவில்லை. ராத்திரி முழுக்க நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும். குடத்தோடு லாரிக்கு நிற்கும் ஏரியாவில் இதைத் தள்ளிப்போட மனசு வராது. சில நூறு ரூபாய் வேலைதான். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கும்படி மாட்டுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வோல்டேஜ், ஏசியா டிசியா, இரண்டும் மேலே அச்சிட்டது அப்படியே பொருந்த வேண்டும். 24 வோல்ட் ஏசி காயிலை 24 வோல்ட் டிசியில் மாட்டினால் அடங்க வேண்டிய கரண்ட் அடங்காமல் எரிந்துவிடும். டிசி காயிலின் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன டயோடு இருந்தால் புதியதிலும் வேண்டும். கரண்டை நிறுத்தும் கணத்தில் காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜிலிருந்து போர்டைக் காப்பது அதுதான். ஒயரை மாற்றிக் கொடுத்தால் அந்த டயோடே ஷார்ட்டாகிவிடும், ஆகவே பாசிட்டிவ் நெகட்டிவ் பார்த்து மாட்டுங்கள்.

பழசு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் வால்விலும் கேஸ் வால்விலும் கூடாது. ரப்பரின் வயது வெளியே தெரியாது. கார் சொலினாய்டைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம், பேட்டரி வைத்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். மேலே சொன்ன இரண்டு சோதனையோடு மூன்றாவதாக ஒன்று: பிளஞ்சர் உள்ளே இருக்கும்போது இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டி எரியவிடுங்கள், பல்பு மங்காமல் முழு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பல்பு இழுப்பது ஐந்து ஆம்பியருக்குக் கீழே என்பதால் இதில் தேறியது 150 ஆம்பியரிலும் தேறும் என்று சொல்ல முடியாது. ஆகவே மூடியைத் திறக்கக்கூடிய வகையாகப் பார்த்து எடுங்கள். விலை வித்தியாசம் பெரிதாக இல்லாவிட்டால் நேரே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்ப் புதுசு வாங்குங்கள். பில்லில் பார்ட் நம்பரை எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.